சம்பங்கோரையில் சிறு பறவைகளைப் படம்பிடிக்க

சென்னையிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கேமராவுடன் வருபவர்களில் பெரும்பாலோர் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் தேடியே வருகிறார்கள். 2022-இல் ராம்சர் தளமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட அந்த நிலத்தில், ஆளுயரத்துக்கும் மேலாக வளர்ந்து நிற்கும் சம்பங்கோரைக்குள் வாழும் கதிர்க்குருவி, சில்லை, மார்பில் கரிய கீற்றுகள் கொண்ட வரித் தூக்கணாங்குருவி ஆகியவையும் அதே அளவு கவனத்துக்கு உரியவை என்பது என் உறுதியான கருத்து. அவற்றைப் படமெடுப்பதில் உள்ள சிரமம் உருவத்தின் சிறுமையால் மட்டும் வருவதன்று. குறுக்கே நிற்கும் தண்டுகளும், அவை காற்றில் ஓயாமல் ஆடுவதுமே பெரிய தடைகள்.

ஆகவே முதலில் காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையில் முற்பகல் கடந்து கடற்காற்று வீசத் தொடங்கிவிட்டால் கோரை முழுவதும் அசையும். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரமே நல்ல பொழுது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தென்கிழக்கில் எழுவதால், அம்மாதங்களில் வடமேற்கு நோக்கி நிற்பவருக்கு ஒளி தோளுக்குப் பின்னாலிருந்து கிடைக்கும்.

அடுத்தது நிற்கும் இடம். அடர்ந்த கோரையின் நடுவே பறவையைத் தேடுவது வீண். நீரும் கோரையும் சந்திக்கும் விளிம்பு, ஒடிந்து சாய்ந்த தண்டு, இரண்டு புதர்களுக்கு இடையிலான திறப்பு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து அங்கேயே அசையாமல் காத்திருக்க வேண்டும். நாணல் கதிர்க்குருவி அடித்தண்டில் மறைந்திருந்து கரகரத்த குரலெழுப்பியபடி சிறிது சிறிதாக மேலேறி வருவதுண்டு. ஆதலால் குரல் கேட்ட தண்டின் நுனியில் முன்கூட்டியே கேமராவைக் குறிவைத்திருப்பவருக்கே படம் கிடைக்கும். சில்லைகள் விதை முற்றிய புல்லுக்குக் கூட்டமாக வருவதால், அத்தகைய புல் இருக்கும் கரையைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. கரைமேட்டில் நின்றால் பறவை ஏறக்குறைய கண்மட்டத்தில் அமையும். பின்னணியாக வெளிறிய வானத்துக்குப் பதில் தொலைவிலுள்ள பசுமை கிடைக்கும்.

லென்ஸ் 400 முதல் 600 மி.மீ. வரை இருப்பது வசதி. தண்டில் அமர்ந்திருக்கும் பறவைக்கும் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையலாகாது, ஏனெனில் பறவை அசையாவிட்டாலும் தண்டு அசையும். பறக்கும்போது 1/2000 தேவைப்படும். அதற்காக ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) உயர்த்தத் தயங்க வேண்டாம்: படத்தில் தோன்றும் மணல்மணி போன்ற புள்ளிகளைப் பின்னர் குறைக்கலாம், கலங்கிய படத்தைத் தெளிவாக்க இயலாது. விலங்குகளின் கண்ணைக் கண்டறியும் வசதி புதிய கேமராக்களில் உண்டு என்றாலும், கண்ணின் முன் ஒரு தண்டு குறுக்கிட்டவுடன் அது தண்டுக்குத் தாவிவிடக்கூடும். எனவே ஃபோகஸை ஒரே சிறு புள்ளியாக வைத்துக்கொண்டு, தேவையானபோது லென்ஸ் வளையத்தைக் கையால் திருத்துவதே நம்பகமான முறை. குறுக்கே நிற்கும் தண்டு லென்ஸுக்கு மிக அருகில் இருந்தால், லென்ஸில் ஒளி புகும் துளையை முழுதும் திறந்து வைக்கும்போது அது மங்கிக் கரைந்துவிடும். பறவையை ஒட்டிய தண்டு அவ்வாறு கரையாது, அதற்கு நாம்தான் ஓரடி நகர வேண்டும்.

மறைக்கும் கோரையை ஒடிக்கவோ வளைக்கவோ கூடாது. வரித் தூக்கணாங்குருவி தன் கூட்டை நீருக்கு மேலுள்ள கோரைத் தண்டுகளோடு சேர்த்துப் பின்னுவதால், ஒரு தண்டை விலக்கினாலும் கூடு சரியலாம்; கூட்டை மறைத்த இலை நீங்கினால் காகத்தின் கண்ணுக்கு அது வெளிப்படையாகும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதும் தவறு, எல்லையைக் காக்க வந்த ஆண் இரை தேடுவதையும் கூடு கட்டுவதையும் விட்டுவிடும். வாயில் புல்லோ புழுவோ வைத்துக்கொண்டு பறவை கூட்டுக்குள் நுழையாமல் கத்திக்கொண்டே இருந்தால் நாம் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். அது மீண்டும் உள்ளே செல்லும் வரை பின்வாங்கி, அந்தத் தொலைவிலிருந்தே படமெடுக்க வேண்டும்.