புரதத்தை அள்ளிச் சாப்பிட்டால் கொழுப்பு கரையுமா? கணக்குத் தப்பும் இடங்கள்

ஒரு கிலோ உடல் எடைக்கு 4.4 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 308 கிராம். கோழி நெஞ்சுக்கறியில் மட்டுமே எடுப்பதென்றால் பச்சையாக 1.4 கிலோ கறி வேண்டும். அமெரிக்காவில் ஜோஸ் அன்டோனியோ குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எடை தூக்கிப் பழகியவர்களுக்கு 8 வாரம் இந்த அளவைக் கொடுத்தார்கள். கூடுதல் புரதத்தில் பெரும்பகுதி வே பவுடர், அதாவது பாலிலிருந்து பிரித்த புரதப் பொடி. பயிற்சியை மாற்ற வேண்டாம் என்றார்கள். நாளைக்குச் சுமார் 800 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டும் கொழுப்பு கூடவில்லை. தசையும் கூடவில்லை.

ஜிம்களில் இந்த முடிவின் முதல் பாதி மட்டும்தான் பேசப்படுகிறது. "புரதம் எவ்வளவு தின்றாலும் கொழுப்பாகாது" என்பதுதான் இங்கே பிறக்கும் முதல் தவறு. அந்த ஆய்வில் அவரவர் வீட்டில் சாப்பிட்டு, அவரவரே குறித்துக்கொண்டார்கள்; அந்தக் குறிப்பில் பிசகு இருக்கலாம். புரதத்தின் 100 கலோரியில் 20 முதல் 30 வரை அதைச் செரிப்பதற்கே செலவாகிறது என்பது உண்மை. ஆனால் 800 கலோரியில் அப்படிப் போவது 240-ஐத் தாண்டாது. மீதிக்கு அது விளக்கமாகாது.

2012-இல் லூசியானாவில் ஜார்ஜ் பிரே குழு செய்த ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 25 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, உணவை அளந்து கொடுத்து, 8 வாரம் தினமும் தேவையைவிட ஏறக்குறைய 950 கலோரி அதிகம் சாப்பிட வைத்தார்கள். மொத்தக் கலோரியில் புரதத்தின் பங்கு ஒரு குழுவுக்கு 5%, அடுத்ததற்கு 15%, மூன்றாவதற்கு 25%. கொழுப்பு மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறியது. வேறுபட்டது கொழுப்பல்லாத எடைதான் (தசை, நீர் போன்றவை): 5% குழுவில் அது 0.7 கிலோ குறைந்தது; 15% குழுவில் 2.9 கிலோவும் 25% குழுவில் 3.2 கிலோவும் கூடியது. கொழுப்பு ஏறுவதைத் தீர்மானிப்பது மொத்தக் கலோரி. அதை மறக்கவே கூடாது. 15%-க்கும் 25%-க்கும் இடையே எவ்வளவு சிறிய வித்தியாசம் என்பதையும் கவனியுங்கள்.

பயிற்சியைக் கூட்டாமல் புரதத்தை மட்டும் கூட்டுவது அடுத்த தவறு. அதே அன்டோனியோ குழு 2015-இல் கடுமையான எடைப் பயிற்சியோடு கிலோவுக்கு 3.4 கிராம் புரதத்தையும் 2.3 கிராமையும் ஒப்பிட்டது. கொழுப்பல்லாத எடை இரண்டு குழுவிலும் 1.5 கிலோ கூடியது. 3.4 கிராம் குழு கொழுப்பைச் சற்று அதிகம் குறைத்தது, அவ்வளவுதான். 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018 பகுப்பாய்வின்படி, தசைக்குக் கிடைக்கும் பலன் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமோடு நின்றுவிடுகிறது. கலோரியைக் கடுமையாகக் குறைக்கும் நாட்களில் இருக்கிற தசையைக் காப்பாற்ற 2.4 கிராம் வரை போவதில் பொருள் உண்டு. அதற்கு மேல் போடுவது பணத்துக்குக் கேடு என்பதே எங்கள் கருத்து.

70 கிலோ ஆளுக்கு 1.6 கிராம் என்றால் 112 கிராம். பச்சையாக 200 கிராம் கோழிக்கறியில் 45, மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் பருப்பில் 11, 150 கிராம் அரிசியில் 11, 50 கிராம் கொண்டைக்கடலையில் 10. ஒரு ஸ்கூப் பவுடர் கூட இல்லாமல் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு கெடுவது பெரும்பாலும் தராசில்தான். 100 கிராம் பச்சைக் கோழிக்கறியில் 22.5 கிராம் புரதம். வெந்து நீர் வற்றிய 100 கிராமில் 30. பச்சையாக 200 கிராம் நிறுத்துவிட்டு வெந்த கறியின் எண்ணைப் போட்டால், சாப்பிடாத 15 கிராமைச் சாப்பிட்டதாக எழுதிவிடுவீர்கள். மீல் மேக்கரில் இது இன்னும் மோசம். காய்ந்த 50 கிராமில் 26 கிராம் புரதம் உண்டு. ஊறியபின் நிறுத்த 50 கிராமில் 9 தேறினாலே அதிகம். எல்லாவற்றையும் சமைக்கும் முன்பே நிறுங்கள், பச்சை எடைக்கான எண்ணையே பாருங்கள்.

வேர்க்கடலையையும் பனீரையும் புரதம் என்று மட்டும் எண்ணுவதும் வேண்டாம். 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் புரதத்தோடு 49 கிராம் கொழுப்பும் வருகிறது.

சோற்றை அடியோடு நிறுத்திய முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ இறங்கும். அதைக் கொழுப்பு என்று கொண்டாடாதீர்கள். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரையும் சேர்த்தே பிடித்துவைக்கிறது. கிளைகோஜன் தீர்ந்தால் அந்தத் தண்ணீரும் போய்விடும். காலடியில் மின்சாரம் செலுத்தி அளக்கும் ஜிம் மெஷின் உடம்பின் நீரை வைத்தே தசையைக் கணிக்கிறது. அதனால் அதே வாரம் "தசை குறைந்தது" என்று காட்டிப் பயமுறுத்தும். காலையில் கழிவறை போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன் எடை பாருங்கள்; 7 நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவு எடுங்கள். எடை மாறாமல் இடுப்பு குறைந்து, தூக்கும் பளு ஏறினால் உணவு சரியாகவே போகிறது.

தட்டில் கறியும் முட்டையும் பெருகும்போது கீரையும் காயும் குறைந்துவிடும். இப்படிச் சாப்பிடும்போது வரும் மலச்சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களிடம் நடந்தவை. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் வெளியே தெரியாமலே சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். புரதத்தைக் கூட்டும் முன் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) சிறுநீரில் அல்புமினும் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்) பார்த்துவிடுங்கள். முந்தைய நாள் நிறையக் கறி சாப்பிட்டாலும், ஜிம் செல்வோர் எடுக்கும் கிரியாட்டின் பவுடர் எடுத்தாலும் கிரியாட்டினின் கூடிக் காட்டும். ஆகவே சோதனைக்கு முந்தைய நாள் கறியைத் தவிர்த்துவிட்டு, பவுடர் எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.