கதிர்வீச்சோடு வெப்ப சிகிச்சையைச் சேர்ப்பது: கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு வழிகாட்டி

ஹைபர்தெர்மியா எனும் இந்த வெப்ப சிகிச்சையில் கட்டியை 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, ஒரு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்திருக்கிறோம். இது தனித்து நிற்கும் மருத்துவம் அல்ல. கதிர்வீச்சு உடைத்த டிஎன்ஏவைப் புற்றணுக்கள் பழுதுபார்த்துக்கொள்ள விடாமல் தடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. ரத்த ஓட்டம் குன்றி ஆக்சிஜன் எட்டாத உட்பகுதி கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாது, சூட்டுக்கு மசியும். நெதர்லாந்து ஆய்வொன்று 2000இல் வெளியானது. முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோயில் மூன்றாண்டு உயிர்வாழ்வு கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம், வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 சதவீதம்.

பேஸ்மேக்கர், இடுப்புப் பகுதியில் பெரிய உலோகப் பொருத்து, கர்ப்பம், கட்டுப்படாத இதய நோய், சூட்டை உணர முடியாத உடற்பகுதி: இவற்றில் ஒன்று இருந்தாலும் தொடங்க வேண்டாம்.

நேரக் கணக்கில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். வாரம் ஒரு முறை, கதிர்வீச்சு முடிந்து 1 முதல் 4 மணி நேரத்துக்குள் சூடேற்றுவது நெதர்லாந்து முறை. மொத்தம் ஐந்து அமர்வுகள். அடிக்கடி செய்தால் அதிகப் பலன் என்று நினைக்கக் கூடாது. ஒருமுறை சூடுபட்ட அணுக்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்கிச் சூட்டைத் தாங்கப் பழகிவிடும். அது தணிய ஏறக்குறைய 72 மணி நேரம் வேண்டும்.

கீமோவும் சேரும்போது மருந்தைப் பார்த்து முடிவெடுங்கள். சிஸ்பிளாட்டின் வெப்பத்தோடு நன்றாக ஒத்துப்போகும். மருந்து ஏறும்போதோ ஏறி முடிந்த உடனேயோ சூடேற்றலாம். ஜெம்சிட்டபினை அதே நேரத்தில் கொடுத்தால் பலன் கிடைக்காது, ஒரு நாள் இடைவெளி தேவை.

நோயாளியைக் கிடத்துமுன் சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு மூன்றிலும் கதீட்டர் வழியாக வெப்பநிலையை அளக்கும் ப்ரோப்களை நுழைத்துவிடுங்கள். வெளியிலிருந்து ரேடியோ அலைகளைச் செலுத்திச் சூடேற்றும் ஆன்டெனாவுக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும் தண்ணீர்ப் பையில் அயனி நீக்கிய நீர்தான் இருக்க வேண்டும். அதில் காற்றுக்குமிழோ மடிப்போ இருந்தால் அந்த இடத்தில் சூடு குவியும். ஆழத்தில் உள்ள கட்டிக்குப் பைநீரைக் குளிர்ச்சியாக வையுங்கள். தோலிலேயே நோய் இருந்தால் மட்டும் வெதுவெதுப்பாக.

சுமார் 70 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் பவரைப் படிப்படியாக ஏற்றுங்கள். கட்டியருகே 42 டிகிரி வந்ததும், வராவிட்டால் 30 நிமிடம் கழிந்ததும், 60 நிமிடக் கணக்கைத் தொடங்கலாம். ஒரு டிகிரிதானே என்று விட்டுவிடாதீர்கள். எந்தச் சூட்டையும் 43 டிகிரியில் எத்தனை நிமிடத்துக்குச் சமம் என்று மாற்றிப் பார்க்கும் சி.இ.எம். 43 கணக்குப்படி 42 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது 43 டிகிரியில் 15 நிமிடத்துக்குச் சமம். 41 டிகிரியில் அதே ஒரு மணி நேரம் நான்கு நிமிடம்கூடத் தேறாது. வீட்டில் கொடுக்கும் ஒத்தடமும் நீராவிக் குளியலும் இதற்கு ஈடாகாததற்குக் காரணம் இதுதான்: தோல் சிவக்கும், ஆழத்தில் உள்ள கட்டிக்குச் சூடு போய்ச் சேராது.

மயக்க மருந்து கொடுக்காதீர்கள். ப்ரோப் இல்லாத இடத்தில் சூடு குவிவதை நோயாளியின் வாய்தான் சொல்லும். “சுடுது, அழுத்துது, எலும்புக்குள்ள குத்துது” என்று எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல், அலைகளின் கட்டத்தையும் (ஃபேஸ்) வீச்சையும் (ஆம்ப்ளிட்யூட்) மாற்றிச் சூடு குவியும் இடத்தை நகர்த்துங்கள்; அப்படியும் வலி நீடித்தால் பவரைக் குறையுங்கள். நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் விடாமல் கவனியுங்கள். உடலின் பொதுச் சூடு 39 டிகிரியை நெருங்கினால் விசிறியைப் போட்டுப் பவரைத் தணியுங்கள். வியர்வை நிறையப் போகும், எனவே குடிக்கவோ டிரிப் வழியாகவோ நீர் சேர வேண்டும்.

அடிவயிற்றில் கொழுப்பு தடித்தவர்களுக்குத் தோல் நன்றாக இருந்தும், சில நாள் கழித்து உள்ளே தொட்டால் வலிக்கும் கெட்டியான முடிச்சு தென்படலாம். பெரும்பாலும் அது கொழுப்பில் பட்ட சூட்டுப் புண். சில வாரங்களில் தானே கரையும். எந்த அமர்வுக்குப் பின், எந்த இடத்தில் வந்தது என்று குறித்துவைத்தால், பின்னால் ஸ்கேன் பார்ப்பவர் அதை நோய் பரவியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.