சந்திரகுப்தன் பிடிபட்டிருந்தால்? மாற்று வரலாறு எழுதப் பழகுவோம்

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். அதிலுள்ள சிங்கங்கள் சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணிலிருந்து வந்தவை. மௌரியப் பேரரசே எழவில்லை என்றால் அவை கிடையாது. சரி, வேறு என்னவெல்லாம் கிடையாது? அதைக் கதையாக்குவதுதான் மாற்று வரலாறு. முதல்முறை எழுதிப் பார்ப்பவர்களுக்கு என் வழி இது.

படி 1: எங்கே திருப்புவது?

'மௌரியர்கள் தோன்றவில்லை' என்று மொட்டையாகத் தொடங்காதீர்கள். ஒரு ஆள், ஒரு நாள், ஒரு இடம் வேண்டும். ரோமானிய வரலாற்றாசிரியர் யுஸ்டின் ஒரு சம்பவம் சொல்கிறார். பின்னாளில் மௌரியப் பேரரசை நிறுவிய சந்திரகுப்தன், இளைஞனாக இருந்தபோது துடுக்காகப் பேசி அலெக்சாண்டரின் கோபத்துக்கு ஆளாகிறான். கொல்லச் சொல்லி உத்தரவு. ஓட்டம் பிடிக்கிறான். களைத்துத் தூங்கும்போது ஒரு பெரிய சிங்கம் வந்து அவன் வியர்வையை நக்கிவிட்டுப் போகிறது. (கோபப்பட்டது அலெக்சாண்டர் அல்ல, நந்த மன்னன் என்று திருத்திப் படிப்பவர்களும் உண்டு. உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.)

இதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஓடும்போது காலில் முள் தைக்கிறது, பிடிபடுகிறான். அவ்வளவுதான். சிங்கத்தை விட்டுக் கடிக்க வைத்தால் சினிமாவாகிவிடும்.

படி 2: எது மாறாது?

என் முதல் முயற்சியில் சந்திரகுப்தனை நீக்கிய கையோடு வட இந்தியாவையே சிற்றரசுகளாகத் துண்டு போட்டேன். படித்த நண்பர் கேட்டார்: "நந்தன் எங்கே போனான்?"

பதில் இல்லை. மகதத்தில் நந்தர்கள் ஏற்கெனவே பெரிய அரசை நடத்திக்கொண்டிருந்தார்கள். 2,00,000 காலாட்கள், 3,000 யானைகள் என்று கிரேக்கர் காதில் விழுந்த கணக்கு. மிகையாகவே இருக்கட்டும், கி.மு. 326இல் பஞ்சாபின் பியாஸ் ஆற்றங்கரையில் அலெக்சாண்டரின் வீரர்கள் இனி வரமாட்டோம் என்று நின்றதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். கி.மு. 321 வாக்கில் சந்திரகுப்தன் ஏறியது இவர்களுடைய அரியணையில்தான். ஆள் வரவில்லை என்றாலும் அரியணை அங்கேயே இருக்கும். கங்கை, இரும்பு, காட்டு யானை எதுவும் குறையாது.

படி 3: சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போங்கள்

எனக்குப் பிடித்த சங்கிலி யானைகளுடையது. கி.மு. 303 வாக்கில், அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து அவருக்குப்பின் மேற்காசியாவை ஆண்ட செலூக்கஸ், காந்தாரப் பக்கத்து நிலங்களைச் சந்திரகுப்தனுக்கு விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றார். கி.மு. 301இல் இப்சஸ் (இன்றைய துருக்கி) போரில் அவருடைய எதிரியான இன்னொரு தளபதி அந்திகோனஸின் மகன் குதிரைப்படையோடு முன்னே பாய்ந்துபோய், திரும்ப முடியாமல் சிக்கினான். வழியை மறித்து நின்றவை யானைகள். அந்திகோனஸ் களத்திலேயே செத்தார். யானைகள் வராத உங்கள் கதையில் மகன் திரும்பி வந்துவிடுவான். அப்புறம் மேற்காசியாவின் வரைபடமே வேறு.

ஒவ்வொரு கண்ணியிலும் 'அதனால்' என்று சொல்லிப் பாருங்கள். வாய் தடுமாறினால் அந்தக் கண்ணி பொய்.

தெற்கே வரும்போது ஒரு எச்சரிக்கை. அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்திலிருந்துதான் தமிழ் எழுத்து வந்தது என்று எண்ணி, அசோகர் இல்லையென்றால் தமிழுக்கு எழுத்தே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். கீழடிப் பானை ஓட்டு எழுத்துகளைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறது தமிழகத் தொல்லியல் துறை. இலங்கை விஷயம் வேறு: அங்கே பௌத்தத்தைக் கொண்டுசென்ற அசோகரின் மகன் மகிந்தர் அனுராதபுரத்துக்கு வரமாட்டார், பௌத்தம் வேறு வழியாக, வேறு காலத்தில் போய்ச் சேர வேண்டும்.

படி 4: ஒரு ஆளை நிறுத்துங்கள்

அந்த உலகத்தில் யாரும் "மௌரியர் இல்லாமல் போனார்களே" என்று பேச முடியாது. அவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. இதை மறந்தால் கதை கட்டுரையாகிவிடும்.

கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதாக அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. உங்கள் கதையில் அந்தப் போர் நடக்கவில்லை. அந்த ஒரு லட்சத்தில் ஒருவரை, ஒரு குயவரை எடுங்கள். கலிங்கத்தில் நந்த மன்னன் வெட்டிய கால்வாய் ஒன்று உண்டு, பிற்காலக் கலிங்க மன்னன் காரவேலனின் கல்வெட்டில் இருக்கிறது. அதன் கரையில் அந்தக் குயவர் மண் பிசைந்துகொண்டிருக்கட்டும். வயது அறுபது, முட்டிவலி, மகதத்து வரியைத் திட்டித் தீர்க்கிறார். முதல் பத்தியை அங்கிருந்து எழுதுங்கள்.