பொடோஸ்போரா ஆன்செரினா: சாணத்திலிருந்து ஒற்றை ஸ்போர் வளர்ப்பு

சாணத்தில் மட்டுமே வாழும் அரிய பூஞ்சைகளை வளர்க்க விரும்புபவர்கள் முதலில் பொடோஸ்போரா ஆன்செரினாவில் கைபழகுவது நல்லது. இது குதிரை, முயல் போன்ற தாவர உண்ணிகளின் சாணத்தில் தோன்றும்.

முதல் படி, ஈர அறை. மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் வடிதாளை விரித்து நனைத்து, அதன் மேல் சாணத்தை வைத்து, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நீர் தேங்கினால் பாக்டீரியாவும் நூற்புழுவும் பெருகிவிடும். முதல் வாரத்தில் பைலோபோலஸ் போன்ற வேறு சாணப் பூஞ்சைகள் வந்து போகும். அதன் பிறகு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கருநிறக் குடுவைகள் (ஸ்போர் எனும் வித்துகளை உண்டாக்கும் உறுப்புகள்), கழுத்தை வெளிச்சத்தின் பக்கம் வளைத்தபடி எழும்.

இரண்டாம் படி, இனம் காணல். குடுவை ஒன்றை வெறும் நீரில் நசுக்கிப் பாருங்கள். ஸ்போரின் நுனியிலுள்ள பசைபோன்ற ஒட்டுறுப்புகள் உலர்ந்த மாதிரியில் தெரியாமல் போய்விடும் என்பதால், புதிய மாதிரியே வேண்டும். இருப்பினும் ஸ்போரின் வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது; குடுவைச் சுவரின் அமைப்பே உறவுமுறையை அதிகம் காட்டுகிறது என்பதை பூஞ்சையியலாளர்கள் மில்லரும் ஹுண்டோர்ஃபும் 2005இல் மரபணு ஒப்பீட்டின் வழியே நிறுவினர். இந்தப் பூஞ்சையே 2019இல் டிரையாங்குலேரியா பேரினத்துக்கு மாற்றப்பட்டு, பொடோஸ்போரா என்ற பெயரைத் தக்கவைக்கும் முன்மொழிவு அடுத்த ஆண்டே வெளிவந்தது. ஆகவே குறிப்பேட்டில் பெயரோடு சுவரின் படத்தையும் சேர்த்து வைப்பதே என் வழக்கம்.

மூன்றாம் படி, ஸ்போரைப் பிடித்து முளைக்க வைத்தல். இதில்தான் நான் தடுக்கி விழுந்தேன். குடுவைகளுக்கு மேலே அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) தட்டைக் கவிழ்த்து வைத்தால், அவை ஸ்போர்களைத் தாமே மேல்நோக்கிச் சுட்டு அதில் ஒட்டச் செய்யும். அவற்றை உருளைக்கிழங்கு அகாரில் இட்டுப் பத்து நாள் காத்திருந்தேன்; ஒன்றும் முளைக்கவில்லை. விலங்கின் குடல் வழியே கடந்து செல்வதற்குப் பழகிய ஸ்போர் சாதாரண ஊடகத்தில் உறங்கியே கிடக்கும். ஒரு லிட்டர் அகார் ஊடகத்தில் அம்மோனியம் அசிட்டேட் 4.4 கிராமும் பெப்டோன் 15 கிராமும் சேர்த்த பிறகு, 27 டிகிரியில் ஓர் இரவிலேயே முளை தெரிந்தது. முளைத்ததும் தாமதிக்காமல் வளர்ச்சி ஊடகத்துக்கு மாற்றிவிடுங்கள். அஸ்கோபோலஸ் போன்ற பிற சாணப் பூஞ்சைகளுக்கு இந்தக் கலவை போதாது. அவற்றுக்குக் காரக் கரைசலும் (ஆல்கலி) வெப்பமும் தேவைப்படும்.

ஸ்போரை எடுக்க இன்சுலின் ஊசியே போதும். விலையுயர்ந்த நுண்கருவிகளை வாங்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்சேர்ப்பு: வளர்ப்பு நன்றாகப் பரவியும் குடுவைகள் தோன்றவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்தப் பூஞ்சையின் ஸ்போர்ப்பை ஒன்றில் வழக்கமாக நான்கு பெரிய ஸ்போர்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இணைசேரும் இரு வகை உட்கருக்களையும் சுமப்பதால், ஒரே ஸ்போரிலிருந்து எழும் வளர்ப்பு தானாகவே குடுவைகளை உண்டாக்கும். அரிதாக ஐந்து ஸ்போர்கள் அமையும்போது, அவற்றில் இரண்டு சிறியவையாகவும் ஒரே உட்கரு வகை கொண்டவையாகவும் இருக்கும். வாசகர் எடுத்தது அத்தகைய சிறிய ஸ்போராக இருக்கலாம். எதிர் இணை வகையைச் சேர்ந்த இன்னொரு வளர்ப்பை அதே தட்டில் இட்டுப் பார்க்கலாம். இல்லையேல் பெரிய ஸ்போர் ஒன்றைத் தேர்ந்து மீண்டும் தொடங்கலாம்.