கேமரா கோப்பை எடிட்டிங் மென்பொருள் ஏற்காதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்முறைக் கேமராவில் பதிவான கோப்பை எடிட்டிங் மென்பொருள் ஏற்க மறுத்தால், கோளாறு கோப்பில் இருக்கிறதா, அதை நகலெடுத்த விதத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மெமரி கார்டில் உள்ள பல கோப்புறைகளில் வீடியோ எது என்று தேடி, அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. பானாசோனிக் பி2 கார்டில் படம் ஒரு கோப்புறையிலும், ஒலித்தடங்கள் தனித்தனிக் கோப்புகளாக வேறொரு கோப்புறையிலும், இரண்டையும் இணைக்கும் விவரம் இன்னொன்றிலும் இருக்கும். ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையிலோ நீண்ட பதிவு பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும்; அவற்றைத் தொடுக்கும் குறிப்பு வேறிடத்தில் கிடக்கும். கார்டின் அமைப்பைக் கலைக்காமல் முழுவதையும் நகலெடுத்து, மென்பொருளுக்குள்ளேயே கோப்புகளைத் தேடித் திறக்க உதவும் மீடியா பிரவுசர் வழியாகத் திறந்தாலே சில சமயங்களில் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்தது, கோப்புப் பெயரின் இறுதியில் உள்ள எம்எக்ஸ்எஃப் என்பதை அழித்துவிட்டு எம்பி4 என்று எழுதுவது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றுவதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. எம்எக்ஸ்எஃப், எம்ஓவி, எம்பி4 ஆகியவை பெட்டிகள், அதாவது படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் கோப்பு வடிவங்கள். உள்ளிருக்கும் படம் எம்பெக்-2, எச்.264, புரோரெஸ் போன்ற ஏதோ ஒரு கோடெக்கில், அதாவது படத்தை அமுக்கிப் பதியும் முறையில், அடங்கியிருக்கிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பெட்டி, கோடெக், பிட் ஆழம் (நிற நுணுக்கத்தின் அளவு), ஃபிரேம் வேகம், ஒலித்தடங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் காட்டிவிடும். ஒலி வந்து படம் வராவிட்டால் பெரும்பாலும் கோடெக்தான் காரணம். நிற விவரம் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 எச்.264 பதிவுகளைக் கட்டணப் பதிப்பில் மட்டுமே திறக்கும் மென்பொருள்களும் உண்டு.

பெட்டி மட்டுமே தடையாக இருக்கும்போது கோப்பு முழுவதையும் மறுபடி என்கோட் செய்வது, அதாவது படத்தையே புதிதாக அமுக்கி எழுதுவது, நேரத்தையும் தரத்தையும் ஒருசேர இழப்பதாகும். எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளைகளால் இயங்கும் கருவியாலோ, அதையே அடிப்படையாகக் கொண்ட ஷட்டர் என்கோடராலோ, உள்ளிருப்பதைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றலாம். கோப்பை நகலெடுக்க ஆகும் நேரமே ஏறத்தாழ இதற்கும் ஆகும், தரம் இம்மியும் குறையாது. அமுக்கப்படாத பிசிஎம் ஒலியை எம்பி4 பெட்டியில் பல மென்பொருள்கள் ஏற்பதில்லை என்பதால், எம்ஓவி பெட்டியே பாதுகாப்பானது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: தனியாகச் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் ஒரே ஒரு ஒலித்தடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். எம்எக்ஸ்எஃப் கோப்புகளிலோ நான்கு அல்லது எட்டு மோனோ தடங்கள் இருப்பது சாதாரணம். பேட்டி கொடுத்தவரின் மைக் இரண்டாம் தடத்தில் இருந்திருந்தால், ஒலிக்கலவைக்கு உட்காரும்வரை இழப்பு கண்ணில் படாது. ஆகவே எல்லாத் தடங்களையும் சேர்க்கும்படி கட்டளையில் குறிப்பிட வேண்டும்.

கோடெக்கையே மாற்றியாக வேண்டிய நிலையில், ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை நாடுவது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். அது நல்ல கருவிதான். ஆனால் பார்ப்பதற்கான கோப்புகளை உருவாக்கவே வடிவமைக்கப்பட்டது. அதன் வழக்கமான அமைப்புகளில் 10 பிட் படம் 8 பிட்டாகச் சுருங்கிவிடும்; பிறகு நிறத்திருத்தத்தின்போது வானத்தில் படிப்படியாகக் கோடுகள் தெரியும். எடிட்டிங்குக்கு ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் ஏற்றது. டிஎன்எக்ஸ்எச்ஆரில் எச்க்யூ என்ற தரநிலை 8 பிட் மட்டுமே. 10 பிட் வேண்டுமானால் எச்க்யூஎக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றின் அளவைக் கணக்கிடாமல் வேலையைத் தொடங்குவதும் தவறே: 1920×1080 அளவில் நொடிக்கு 29.97 ஃபிரேம் கொண்ட புரோரெஸ் 422 எச்க்யூ (புரோரெஸ் 422-இன் உயர்தர வகை) நொடிக்குச் சுமார் 220 மெகாபிட் எடுத்துக்கொள்ளும், அதாவது ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய 99 ஜிபி.

ரெட், பிளாக்மேஜிக் போன்ற கேமராக்களின் ரா கோப்புகளை (சென்சார் பதிந்ததை ஏறத்தாழ அப்படியே வைத்திருப்பவை)ப் பொதுவான கன்வெர்ட்டர்களில் திணிக்க வேண்டாம். தயாரிப்பாளர்களே இலவச மென்பொருள் தருகிறார்கள். இணையத்தில் பதிவேற்றி மாற்றித் தரும் தளங்களைப் பொறுத்தவரை, வாடிக்கையாளரின் வெளிவராத காட்சிகளை அறியாத சர்வரில் வைப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

மாற்றிய கோப்பு திறந்துவிட்டது என்பதற்காகக் கார்டை உடனே அழித்துவிடக் கூடாது. பழைய கோப்பையும் புதியதையும் மீடியாஇன்ஃபோவில் அருகருகே வைத்து நீளம், ஃபிரேம் வேகம், ஒலித்தடங்கள், டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேரக் குறி) ஆகிய நான்கும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, கடைசி நிமிடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யலாம்.