பழைய செங்கல் வீட்டில் கொண்டோ வாங்க நினைக்கிறவர்களுக்கு

கனடாவுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே வீடு வாங்க நினைக்கிற மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோக்காரன், இப்போது நிற்பது மட்டக்களப்புக் கல்லடியில். மார்கழி மழை விட்டபாடில்லை. பயணம் சரிவந்தவர்களும், ஏற்கெனவே போய் இறங்கியவர்களின் தாய் தகப்பனும் ஒவ்வொருவராக வந்து ஃபோனை நீட்டுகிறார்கள். "தம்பி, மகன் இந்த வீட்டைப் பார்த்திருக்கான், எப்பிடி?" படம் எல்லாம் ஒரே மாதிரி. சிவப்புச் செங்கல், வளைவு வைத்த சன்னல், வாசலில் ஒரு மேப்பிள் மரம், மூன்று மாடி, ஏழெட்டு வீடு. எல்லாம் கொண்டோ, அதாவது கட்டடத்தில் ஒரு வீட்டை மட்டும் சொந்தமாக வாங்கி, பொதுச் செலவுக்கு மாதக் கட்டணம் கட்டுவது. மாதக் கட்டணம் மிகக் குறைவு என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆளை விழுத்துவது அந்தக் கடைசி வரிதான்.

சட்டப்படி செய்யவேண்டியதை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பி.ஆர். என்கிற நிரந்தர வதிவுரிமை கையில் இல்லாதவர்கள் வீடு பார்க்க முன் லோயரைப் பாருங்கள். கனடியர் அல்லாதவர் வீடு வாங்குவதற்கு 2023 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டியிருக்கிறார்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் தடை விலகினாலும் ஒன்ராறியோ மாகாணம் வெளிநாட்டவரிடம் நூற்றுக்கு 25 வரி கேட்கும், 2025 முதல் ரொறன்ரோ நகரம் அதற்கு மேல் நூற்றுக்கு 10 கேட்கும். பி.ஆர். இருந்தால் இந்தக் கவலை இல்லை. முற்பணம், விலையில் 500,000 டொலர் வரை நூற்றுக்கு 5, அதற்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு 10. விலை 1.5 மில்லியனைத் தாண்டினால் கணக்கே வேறு. ரொறன்ரோவுக்குள் வாங்கினால் காணி மாற்ற வரி இரண்டு தடவை, மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. முதல் வீடு என்றால் 4,000 டொலர் வரை ஒன்றிலும் 4,475 வரை மற்றதிலும் கழியும். சீட்டுக் காசில் முற்பணம் கட்டுகிறவர்கள் அதை நேரத்தோடே வங்கியில் போட்டுவிடுங்கள். மோர்ட்கேஜ், அதுதான் வீட்டுக் கடன், கொடுக்கிறவர்கள் 90 நாள் வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். திடீரென்று வந்து விழுந்த காசுக்குச் சீட்டு நடத்துகிற தாச்சியின் கொப்பியைக் காட்டி விளக்கம் சொல்ல முடியாது.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

என் மச்சான் ஒருவன், களுவாஞ்சிகுடிப் பொடியன். ரொறன்ரோவுக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் பலரைப் போல வெலஸ்லி, பார்லிமென்ட் சந்திக்குப் பக்கத்தில், செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடியில் ஒரு அறையில் இருந்தான். தெருவைக் கடந்தால் கபேஜ்டவுன். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகள், இரும்பு வேலி, கோடையில் வாசலெல்லாம் பூ. இரவு வேலை முடிந்து அந்த ஒழுங்கைகளால் நடந்துதான் வருவான். அவனுக்கு அந்த இடத்தில் பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை. ஸ்காபரோவில் வாங்கடா, கடையும் கோயிலும் பக்கத்தில் என்று எல்லாரும் சொன்னோம். கேட்கவில்லை. ஒரு பழைய வீட்டை ஏழாகப் பிரித்துக் கொண்டோ ஆக்கிய இடத்தில் கீழ்த்தட்டை வாங்கினான்.

மாமி ஊரிலிருந்து வீடியோவில் கேட்டார். "காணி எத்தனை பேர்ச் மனே? கிணறு இருக்கா?" அவன் சிரித்தான். ஆனால் மாமி கேட்டது சரியான கேள்வி. எங்களுக்கு வீடு என்றால் வளவு, கிணறு, மதில். மகளுக்குச் சீதனமாக எழுதும்போதும் நிலத்தோடுதான் எழுதுவோம். கொண்டோவில் உனக்கென்று தனியாக இருப்பது சுவருக்கு உள்ளே இருக்கிற இடம் மட்டும். வெளிச்சுவர், கூரை, அத்திவாரம், படிக்கட்டு, பெரும்பாலும் சன்னல் சட்டமும் கூட, எல்லாருக்கும் பொது. அந்தப் பொதுவில் உன் பங்கு எவ்வளவு என்று பிரகடனப் பத்திரத்தில் நூற்றுவீதமாக எழுதியிருக்கும். மச்சானுடையது அந்தக் கட்டடத்தில் பெரிய வீடு, ஆகவே பெரிய பங்கு. மேல்மாடிக்காரனுடைய கூரை ஒழுகினாலும் அதிகம் கட்டுகிறவன் கீழ்த்தட்டுக்காரன்.

ஊரில் வீடு வாங்கும்போது எங்கள் பயம் எல்லாம் உறுதியில். பேர்மிட் காணியா உறுதிக் காணியா, முதுசமா சீதனமா, அக்காக்காரி கையெழுத்து வைத்தாளா, நாற்புற எல்லை சரியா என்று நொத்தாரிசைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் தேடுதல் போடுவோம். அந்தப் புத்தியோடுதான் அங்கேயும் போகிறோம். ரொறன்ரோவில் உறுதி சுத்தமாகத்தான் இருக்கும். லோயர் தேடிப் பார்த்து, உரிமைக் காப்புறுதியும் எடுத்துத் தருவார். அங்கே பழுது இருப்பது பொதுக் காசுப் பெட்டியில்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் ரிசேர்வ் ஃபண்ட். கூரை, சுவர், குழாய் போன்ற பெரிய திருத்தங்களுக்காக மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று ஒன்ராறியோவின் 1998ஆம் ஆண்டுக் கொண்டோ சட்டம் சொல்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது போதுமா என்று ஆய்வு செய்யவும் வேண்டும். கட்டணத்தைக் கூட்டினால் குடியிருப்பவர்கள் முறைப்பார்கள், வீடும் விலை போகாது. அதனால் சின்னக் கட்டடங்களில் வருடாவருடம் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு ஒருநாள் பெட்டியில் இருப்பதைவிடச் செலவு பெரிதாக வந்து நிற்கும். அப்போது எல்லாரிடமும் பங்குபோட்டு வாங்குவதற்குப் பெயர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட். இதற்கு வீட்டுக்காரர்களின் வாக்கு தேவையில்லை, வீட்டுக்காரர்கள் தெரிவுசெய்த நிர்வாகக் குழுவான போர்ட் தீர்மானித்தால் போதும்.

கோயில் வண்ணக்கர் சபையைத் தெரியும்தானே. குடிக்குக் குடி திருவிழாவைப் பிரித்து, செலவைப் பங்குபோட்டு, யார் கொடுத்தான் யார் கொடுக்கவில்லை என்று கணக்கு வைப்பார்கள். போர்ட்டும் ஏறக்குறைய அதுதான். ஆனால் கோயிலில் பங்கு கொடுக்காதவனை ஊர் பழிக்கும், அவ்வளவுதான். கொண்டோவில் மூன்று மாதத்துக்குள் வீட்டின்மேல் லீன் போடுவார்கள், அதாவது அந்தக் கடனை வீட்டின்மேல் பதிவார்கள். அது மோர்ட்கேஜுக்கும் முன்னால் நிற்கும். மச்சானும் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் வந்தபோது முதலில் "நான் கட்டமாட்டேன், கோர்ட்டுக்குப் போவம்" என்றுதான் துள்ளினான். லோயர் இதைச் சொன்ன பிறகு அடங்கினான்.

அவனுக்கு வந்தது செங்கலால். அந்தச் சுவரை நானும் போய்ப் பார்த்தேன். தெருவிலிருந்து பார்த்தால் அழகு. கிட்டப் போய் விரலால் தட்டினால் செங்கலின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, உள்ளே மாவு மாதிரி. பழைய செங்கல் மென்மையானது, அந்தக் காலத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டினார்கள். சுவருக்குள் இறங்கும் ஈரம் சாந்து வழியாக வெளியேறிவிடும். இடையில் வந்த எவனோ மலிவுக்குச் சீமெந்து பூசி இடுக்குகளை அடைத்திருக்கிறான். சீமெந்து ஈரத்தை விடாது. ஈரம் செங்கலுக்குள் தங்கி, குளிரில் உறைந்து, ஊதி, முகத்தைத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக.

சாதாரணக் கட்டடம் என்றால் கிடைத்த செங்கலை வைத்துப் பூசிவிடலாம். கபேஜ்டவுன் மரபுரிமைப் பாதுகாப்பு வட்டாரம். தெருவுக்குத் தெரிகிற முகப்பில் கைவைக்க நகரசபையின் அனுமதி வேண்டும். அதே நிற, அதே அளவுச் செங்கல் தேடவேண்டும், சுண்ணாம்புச் சாந்து தெரிந்த மேசன் வேண்டும், சாரம் கட்டவேண்டும். 210,000 டொலர் வேலை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 200 வீடுள்ள பெரிய மாடியில் சராசரியாக வீட்டுக்கு 1,050 டொலர், மனிசன் திட்டிவிட்டுக் கட்டிவிடுவான். ஏழு வீட்டில் 30,000. சின்னக் கட்டடத்தின் முழுக் கதையும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. மச்சான் அந்தக் காசுக்காகச் சீட்டை நேரத்தோடே கூவி எடுத்தான். எவ்வளவு கழிவு போயிருக்கும் என்று சீட்டுக் கட்டினவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காப்புறுதி தரும் என்று நம்பியிருந்தான். தீ, தண்ணீர் போன்ற விபத்தால் வந்த பங்குக்குத்தான் அது தரும், வயதுபோய் உதிர்ந்த சுவருக்குத் தராது.

எனக்கு எரிச்சல் இதில்தான். அந்தச் சுவர்க் கதை ஒளித்துவைத்த கதை அல்ல. ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கட் என்று ஒரு ஆவணக் கட்டு இருக்கிறது. யார் கேட்டாலும் அதிகபட்சம் 100 டொலருக்கு 10 நாளுக்குள் கொண்டோ நிர்வாகம் கொடுத்தாக வேண்டும். கட்டணம் எவ்வளவு, பெட்டியில் எவ்வளவு, வழக்கு இருக்கிறதா, கட்டணம் கூடுவதற்கான காரணம் ஏதும் தெரியுமா என்று எல்லாம் அதில் இருக்கும். பொறியியலாளர் அறிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி அவனுடைய ஆவணக் கட்டிலும் இருந்தது. ஆனால் அதைப் பார்த்தது ஒப்பந்தம் உறுதியான பிறகு. வேறு ஆட்களும் விலை கேட்கிறார்கள், நிபந்தனை போட்டால் வீடு போய்விடும் என்று ஏஜென்ட் அவசரப்படுத்தி நிபந்தனையில்லாமல் கையெழுத்து வாங்கிவிட்டார். புதிதாகக் கட்டுகிறவரிடமிருந்து வாங்கும் கொண்டோவுக்கு மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு. கைமாறும் பழைய கொண்டோவுக்கு அது கிடையாது. பின்வாங்கினால் வைப்புப் பணம் போகும்.

ஆகவே சேர்ட்டிபிக்கட் பார்த்து லோயர் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். போட்டி கடுமை என்றால், விலை சொல்ல முன்னமே அதைக் காட்டும்படி கேளுங்கள், பல விற்பனையாளர்கள் எடுத்துத் தயாராக வைத்திருப்பார்கள். லோயர் "ஓகே" என்று ஒரு வரி எழுதினால் விடாதீர்கள். பெட்டியில் எவ்வளவு இருக்கவேண்டும், எவ்வளவு இருக்கிறது, அடுத்த வருடங்களில் எதற்கு எவ்வளவு செலவு என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று, 25 வீட்டுக்குக் குறைந்த கொண்டோவில் எல்லாரும் எழுத்தில் சம்மதித்தால் கணக்காய்வே செய்யாமல் விடலாம். கணக்கு அறிக்கையில் கணக்காய்வாளர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டக் குறிப்புகள் அந்த ஆவணக் கட்டில் வராது, தனியாகக் கேட்டு வாசியுங்கள். வாங்குகிறவருக்கும் பதிவேடுகளைப் பார்க்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. மச்சானுடைய கட்டடத்தில் செங்கல் விஷயம் கூட்டத்துக்குக் கூட்டம் பேசப்பட்டு, "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று எழுதப்பட்டிருந்தது.

இவ்வளவும் சொன்னதால் அந்த வீடுகள் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மச்சானும் விற்கவில்லை. முன்னால் ஒரு துண்டு மண் அவன் பாவிக்கலாம், கோடையில் பச்சைமிளகாயும் பொன்னாங்காணியும் வைக்கிறான். ஆனால் இருந்து பழகச் சில விஷயங்கள். சுவர் தடிப்பு, தளம் பலகை. மேலே நடப்பது கேட்கும், நீங்கள் தேங்காய் துருவுவது கீழே கேட்கும். பொரியல் மணம் படிக்கட்டு முழுக்க ஏறும். கருவாடு பொரிக்கிற அன்றைக்கு விசிறியைப் போட்டு வாசல் கதவை மூடிவையுங்கள். செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றி வைக்காதீர்கள், பொது வழி மறிப்பு என்று முதல் கடிதம் அதற்குத்தான் வரும். புதுவீட்டுக்குப் பால் காய்ச்சும்போது சாம்பிராணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். புகை அலாரம் அடித்து ஏழு வீட்டுச் சனமும் இரவு உடுப்போடு தெருவில் நின்றது மச்சானுக்கு இன்னும் மறக்கவில்லை, அவர்களுக்கும்தான். கார் தரிப்பிடம், லிஃப்ட், விருந்து மண்டபம் எதுவும் இருக்காது. சாமத்திய வீட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஸ்காபரோவில் ஹோல் எடுங்கள்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பழைய வீடுகள் உண்மையில் நல்லது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலில் குடியேறிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இல்லை, வீட்டுக்காரன் கேட்டதுதான் விலை. பழைய வீட்டில் வருடத்துக்குக் கூட்டக்கூடியதை மாகாணம் நிர்ணயிக்கும், 2025இல் நூற்றுக்கு 2.5, 2026இல் 2.1. செங்கல் உதிர்ந்தால் அது வீட்டுக்காரனின் தலையிடி.

வாங்கியவர்கள் கூட்டத்துக்குப் போங்கள். ஏழு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தால் நூற்றுக்கு 15 தாண்டிவிடும், போர்ட்டைக் கூட்டம் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். மச்சான் இப்போது போர்ட்டில் இருக்கிறான், சாந்து குழைக்கிறவனிடம் சுண்ணாம்பு விகிதம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டான். இரவு வேலை, போகமுடியாது என்றால், உங்களுக்காக இன்னொருவர் வாக்களிக்க ப்ரொக்ஸி படிவம் கொடுக்கலாம். ஆனால் அதை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுக்காதீர்கள், முக்கியமாகக் கூரையைப் பற்றியே பேசுகிற மேல்மாடிக்காரரிடம்.