அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மேற்கத்திய செவ்வியல் பாட்டு: சென்னை மாணவருக்கு ஒரு வழிகாட்டி

மேற்கத்திய செவ்வியல் பாட்டைப் பட்டப்படிப்பாகப் பயில அமெரிக்கா செல்ல விரும்பும் மாணவர், பட்டத்தைத் தீர்மானித்துவிட்டு அதன்பின் கல்லூரியைத் தேடுவதே முறை. பி.மியூஸ். எனப்படும் இளங்கலை இசைப் பட்டத்தில் பாடங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இசையாகவே இருக்கும். இசையை முதன்மைப் பாடமாகக் கொண்ட பி.ஏ.வில் இசைக்குரிய பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, வரலாறு, கணிதம், உயிரியல் எனப் பிற துறைகளுக்கு இடம் கிடைக்கும். இரண்டையும் விட மனமில்லாதவர்களுக்கு ஒஹாயோவின் ஓபர்லின், விஸ்கான்சினின் லாரன்ஸ் போன்ற இடங்களில் ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் உண்டு. ஓபர்லினில் அதற்குக் கல்லூரி, அதன் இசைப் பள்ளியான கன்சர்வேட்டரி ஆகிய இரண்டிலும் தனித்தனியே இடம் பெற வேண்டும். சேர்ந்திசையில் நாட்டம் மிகுந்தவர்கள் மின்னசோட்டாவின் செயின்ட் ஓலாஃபையும் பார்க்கலாம்.

பெரிய இசைப் பல்கலைக்கழகங்களைவிட, பல துறைகளையும் சேர்த்துப் பயிற்றும் இத்தகைய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. முதுகலை மாணவர்கள் நிறைந்த இடத்தில், மேற்கத்திய இசை நாடகமான ஆபராவின் முக்கியப் பாத்திரங்கள் பெரும்பாலும் அவர்களுக்கே போய்விடும். இளங்கலை மாணவர்கள் மட்டுமே பயிலும் லாரன்ஸ் போன்ற இடத்தில் பத்தொன்பது வயதிலேயே மேடையேறும் வாய்ப்புக் கிடைக்கும். அடுத்து, குரல் பயிற்றுவிக்கும் ஆசிரியரை அறிந்துகொள்ளுங்கள். வாரந்தோறும் நான்கு ஆண்டுகள் உங்கள் குரலைக் கையாளப் போகிறவர் அவரே என்பதால், விண்ணப்பிக்கும் முன் மின்னஞ்சல் எழுதி, காணொளி வழியே ஒரு மாதிரி வகுப்புக் கேட்பதில் தவறேதும் இல்லை, பலர் இசைவார்கள்.

கர்நாடக இசை பயின்றவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியது குரலில்தான். ஐந்து கட்டையில் பாடும் ஒரு பெண்ணின் தாரஸ்தாயி பஞ்சமம், பியானோவின் நடு ‘சி’யை அடுத்த ‘டி’க்கு ஒரு ஸ்தாயி மேலே நிற்கிறது. பெண் குரல்களில் மிக உயர்ந்த சொப்ரானோ வகைக் குரலோ அங்கிருந்து இன்னும் ஒரு பஞ்சமம் ஏறி ‘ஏ’ வரை தயக்கமின்றிச் செல்ல வேண்டும். அதை மார்புக் குரலை (பேசும்போது எழும் கனமான குரல்) அழுத்தி எட்ட முயன்றால் தொண்டை கெடும். உயர்ந்த சுரங்களுக்கான மெல்லிய தலைக் குரலையும், இரண்டு குரல்களும் மாறும் இடத்தைத் தெரியாமல் கடப்பதையும் தனியே பழக வேண்டும். மேலும், நம் சபாக்களில் சிறு அரங்கிலும் ஒலிபெருக்கி உண்டு. அங்கோ பாடகர் அது இல்லாமல் பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும் மேலாகக் கேட்கப்பட வேண்டும் என்பதால் மூச்சும் ஒலியதிர்வும் வேறு வகையில் அமைகின்றன. மறுபுறம், சுருதி ஞானமும், தாளத்தில் உறுதியும், கேட்டதை உடனே திருப்பிப் பாடும் திறனும் அங்கும் செல்லுபடியாகும் மூலதனம். சரளி வரிசையில் பழகியவருக்கு, எந்தச் சுருதியிலும் ஆதார சுரத்தை ‘டோ’ என்றே பாடும் இடம்பெயரும் ‘டோ’ முறை இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிடும். கர்நாடகப் பயிற்சியை நிறுத்த வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். இரண்டையும் ஒரே வேளையில் பாடாமல் காலை, மாலை எனப் பிரித்துக்கொள்ளுங்கள், இரு ஆசிரியர்களிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். (அமெரிக்கா சென்றும் கர்நாடக வாய்ப்பாட்டையே தொடர விரும்புவோர் கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தை நினைவில் கொள்ளலாம்; பாலசரஸ்வதியின் சகோதரர் புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் பல்லாண்டுகள் கற்பித்த இடம் அது.)

ஆயத்தத்தைப் பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலாவது ஆரம்பிப்பது நல்லது. 2008இல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்திய வாய்ப்பாட்டுப் பயிற்சி கிடைக்கிறது. லண்டனின் டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்புகள் நடத்தும் இசைத் தரத் தேர்வுகளையும் சென்னையிலேயே எழுதலாம். எட்டாம் தரச் சான்றிதழ் இடத்தை உறுதி செய்யாது, ஆனால் அதற்குத் தயாராகும்போது இசைக்குறிப்பு வாசிப்பு வந்துவிடும். பாட்டு மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அதில்தான். பியானோவில் தொடக்கநிலைப் பயிற்சியும் வேண்டும். 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற சேர்ந்திசைக் குழுவிலோ, தேவாலயப் பாடற்குழுவிலோ ஓராண்டு நின்று பாடினால், பக்கத்தில் வேறு சுரம் ஒலிக்கும்போதும் தன் வரியைக் காப்பாற்றும் பழக்கம் உண்டாகும். ஒற்றை மெட்டிலேயே வளர்ந்த நமக்கு அது தானாக வருவதில்லை.

கல்லூரிகளின் குரல் தேர்வுக்குப் பொதுவாக ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு மூன்று பாடல்கள் கேட்பார்கள். ஒன்று ஆங்கிலத்திலும் இன்னொன்று இத்தாலியத்திலும் இருப்பது வழக்கம்; கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும் என்பதால் ஒவ்வொன்றின் அறிவிப்பையும் தனித்தனியே படியுங்கள். பதினேழு வயதுக் குரலுக்குக் கனமான ஆபரா ஏரியாக்கள் (ஒருவர் தனித்துப் பாடும் பாடல்கள்) வேண்டாம். 17, 18ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பாடல்களில் எளியதொன்றைச் சுத்தமான உச்சரிப்போடு பாடுவதே தேர்வாளர்களுக்குக் குரலின் தன்மையைக் காட்டும். தமிழர் நாக்கு இத்தாலிய இரட்டை மெய்களை எளிதாகப் பிடித்துக்கொள்ளும்; உயிரெழுத்துகளை மட்டும் ஒருவர் கேட்டுத் திருத்த வேண்டும்.

நேர்முகத் தேர்வுக்கு முன் காணொளி கேட்கும் இடங்களுக்கு, பதிவு செய்யப்பட்ட பின்னணி இசையைத் தவிர்த்து, பியானோ வாசிப்பவரை உடன் வைத்துப் பாடுங்கள். பியானோ உள்ள தேவாலய மண்டபமோ பள்ளி அரங்கமோ அதிகாலையில் கிடைத்தால் தெருவின் ஹாரன் சத்தம் குறைவாக இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டியிருப்பதால் வெயில் ஏறும் முன் முடித்துவிடுவது குரலுக்கும் இதம். எதிரொலியோ திருத்தமோ சேர்க்காதீர்கள். கன்சர்வேட்டரிகளின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் வருகிறது. ஆகவே அக்டோபரிலேயே, வடகிழக்குப் பருவமழை வலுத்துச் சளி பிடிப்பதற்குள், பதிவை முடித்துவிடுங்கள்.

செலவைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். குரல் தேர்வின் அடிப்படையில் தரப்படும் இசை உதவித்தொகை வேறு, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படும் உதவி வேறு. வெளிநாட்டு மாணவர் இரண்டாவதைக் கேட்கும்போது பல கல்லூரிகளில் அது சேர்க்கை முடிவையே பாதிக்கக்கூடும் என்பதால், கேட்கும் தொகையை யோசித்து எழுதுங்கள். இடம் கிடைத்தால் பெரும்பாலும் மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் அதன் பிறகே வரக்கூடுமாதலால், இறுதி மதிப்பெண் பட்டியலை எப்போது, யார் வழியாக அனுப்புவது என்பதைப் பள்ளி முதல்வரிடம் ஏப்ரலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.